வால்பாறை எஸ்டேட்டில் நெஞ்சு வலி வந்தால் முதலில் எங்கே போவது? ஏற்பாடு செய்ய யோசனை தேவை

தேயிலைக்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் எஸ்டேட்டில் ஜீப், டாக்ஸி ஓட்டும் அண்ணன்கள், சங்கத்துக்காரர்கள், படித்த பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். யாருக்காவது நெஞ்சு வலி வந்தால் யாருக்குப் போன் போடுவது, யார் வண்டி எடுப்பது, எங்கே கொண்டுபோவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வால்பாறையில் இருந்து பொள்ளாச்சி ஏறத்தாழ 65 கிலோமீட்டர். அதில் ஆழியாறு இறங்கும் வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சியில் இருந்து கோவைக்கு இன்னும் 40 கிலோமீட்டர் சொச்சம். ராத்திரியில் பனிமூட்டம் இருக்கும், யானை ரோட்டில் நின்றால் அது போகும் வரை நாமும் நிற்க வேண்டியதுதான். எஸ்டேட் லைனில் (தொழிலாளர் வீட்டு வரிசை) இருந்து வால்பாறை டவுனுக்கு வரவே சில டிவிஷன்களில் (எஸ்டேட்டின் பிரிவுகள்) முக்கால் மணி நேரம் ஆகும்.

வழக்கமாக நடப்பது இதுதான். சாப்பிட்டுப் படுத்த பிறகு நெஞ்சு அடைக்கிறது என்பார்கள். வாயுதான் என்று ஓமத் தண்ணி, சோடா, கொஞ்சம் இஞ்சி. நடுராத்திரி தாண்டி சட்டை நனைய வேர்த்த பிறகுதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அப்புறம் வண்டி தேடுவது. வண்டி வந்ததும் ஒருவர், "இங்கெல்லாம் காட்டி நேரத்தைப் போக்காதே, நேரா கோவைக்கு விடு" என்பார். போன மழைக்காலத்தில் எங்கள் லைனில் ஒரு சித்தப்பாவை அப்படித்தான் ஏற்றினார்கள். ஆழியாறு வருவதற்குள் போய்விட்டார்.

என் கேள்வி ஒன்றுதான். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரியில் நிறுத்த வேண்டுமா, நேராகக் கோவைக்குப் போக வேண்டுமா?

---

கொங்குக்காரன் எழுதியது:

நேரா கோவைக்குத்தானுங்க. இதில் யோசிக்க என்ன இருக்கு? எங்கள் அப்பாவுக்கு வலி வந்தபோது பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி ஒன்று போட்டார்கள், நாள் முழுக்க வைத்திருந்தார்கள், கடைசியில் "பெரிய இடத்துக்குக் கூட்டிப் போங்க" என்றார்கள். அங்கே போய் ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தோம். எப்படியும் ஸ்டென்ட்தான் என்றால் முதலிலேயே அங்கே போயிருக்கலாமே? ஊசிக்கும் காசு, ஸ்டென்டுக்கும் காசு.

---

பொதுவார்டு எழுதியது:

தாலுகா அளவிலான அரசு மருத்துவமனை ஒன்றில் பொது மருத்துவராக இருக்கிறேன், வேறு மாவட்டம். ஊர், பேர் வேண்டாம்.

கொங்குக்காரன் சொல்வது கோவைக்குள் குடியிருப்பவருக்குச் சரி. வால்பாறைக்குச் சரிவராது. ரத்தக்குழாய் முழுதாக அடைத்த மாரடைப்பில் (ஈசிஜி கோட்டில் எஸ்டி என்ற பகுதி தூக்கிக்கொண்டு தெரியும் வகை) அடைப்பைத் திறக்க இரண்டு வழி. ஒன்று, கேத் லேபில் (இதய ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறை) பலூன் விட்டு ஸ்டென்ட் வைப்பது. இன்னொன்று, கட்டியைக் கரைக்கும் ஊசி. இரண்டில் பலூன்தான் மேல், சந்தேகமே இல்லை. ஆனால் அது சீக்கிரம் நடந்தால்தான் மேல். மாரடைப்பு என்று ஈசிஜியில் தெரிந்த நிமிடத்தில் இருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் போடும் நிலை இருந்தால் அங்கே அனுப்பு, இல்லையென்றால் ஊசியைப் போட்டுவிட்டு அனுப்பு என்பதுதான் உலகம் முழுக்க உள்ள வழிகாட்டல்.

இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். மலை இறங்கிப் பொள்ளாச்சி தாண்டி, கோவை டிராஃபிக் கடந்து, கேஷுவாலிட்டியில் பதிந்து, டீம் வந்து, கையெழுத்து வாங்கி, கேத் லேப் டேபிளில் ஏற்றி... 120 நிமிடத்தில் முடியுமா? பகலில், காய்ந்த ரோட்டில்கூட முடியாது.

ஊசியின் பலன் நேரத்தோடு எப்படிக் குறைகிறது என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1996இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு. வலி தொடங்கி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் ஆயிரம் பேரில் 65 உயிர் கூடுதலாக மிஞ்சுகிறது. இரண்டாவது மணி நேரத்தில் போட்டால் 37. மூன்றாவது மணி நேரத்தில் 26. நீங்கள் வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தக் கணக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

---

கொங்குக்காரன் எழுதியது:

டாக்டர் சார், கணக்கு புரிகிறது. ஆனால் அந்த ஊசி மூளையில் ரத்தக் கசிவு உண்டாக்கும் என்று அப்பாவுக்குப் போட்டபோது எழுதி வாங்கினார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்று ஆனால் யார் பார்ப்பது? இன்னொன்று, ஊசி போட்டும் அப்பாவுக்கு வலி குறையவே இல்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

---

பொதுவார்டு எழுதியது:

நல்ல கேள்வி. மூளைக் கசிவு வருவது உண்டு. தோராயமாக நூற்றில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் கொஞ்சம் குறைவு. அதனால்தான் போடுவதற்கு முன்னால் கேட்பார்கள்: முன்பு எப்போதாவது மூளையில் ரத்தக் கசிவு வந்திருக்கிறதா, சமீபத்தில் பக்கவாதம், பெரிய ஆபரேஷன், தலையில் அடி ஏதாவது உண்டா, ரத்தப்போக்கு இருக்கிறதா, பிபி 180/110க்கு மேலே நிற்கிறதா என்று. இதில் ஏதாவது இருந்தால் ஊசி வேண்டாம் என்று நேரே அனுப்புவோம். பக்கத்து ஆஸ்பத்திரியில் நிறுத்துவதால் அந்த முடிவையும் அங்கேயே எடுக்க முடிகிறது.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். உங்கள் அப்பா விஷயத்தில் ஊசி போட்டது சரி. நாள் முழுக்க வைத்திருந்ததுதான் கோளாறு. ஊசி எல்லோருக்கும் வேலை செய்யாது. போட்ட பிறகு 60 முதல் 90 நிமிடத்துக்குள் இன்னொரு ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். தூக்கியிருந்த எஸ்டி பாதியாவது இறங்கியிருக்க வேண்டும், வலியும் குறைந்திருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் காத்திருக்காமல் உடனே கேத் லேப். இறங்கியிருந்தாலும் அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ (ரத்தக்குழாய் அடைப்பைப் படம் பிடிப்பது) பார்ப்பது நல்லது. இதற்காகவே, ஊசி போட்டதும் வண்டியில் ஏற்றிப் பெரிய இடத்துக்கு அனுப்பத் தொடங்கிவிட வேண்டும். ஈசிஜி பார்க்க வேண்டிய நேரம் வரும்போது நோயாளி பாதி வழி தாண்டியிருப்பார்.

ஊசியும் ஸ்டென்டும் ஒரே சிகிச்சையின் இரண்டு பாதி. நம் ஊரிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் டாக்டர் அஜித் முல்லசாரி முன்னின்று நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி (நான் மேலே சொன்ன முழு அடைப்பு மாரடைப்பு) திட்டம், 2012 முதல் 2014 வரை. கேத் லேப் உள்ள நான்கு பெரிய மருத்துவமனைகளோடு 35 சின்ன மருத்துவமனைகளை இணைத்தார்கள். சின்ன இடத்தில் ஈசிஜியும் ஊசியும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய இடத்துக்கு. 2,420 நோயாளிகள். திட்டத்துக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், பின் 14.2 சதவீதம். மருத்துவமனையில் இருக்கும்போதே இறப்பவர்களின் விகிதத்தில் பெரிய மாற்றம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓராண்டுக் கணக்கில்தான் வித்தியாசம் தெரிந்தது.

---

இரவுப்பணி எழுதியது:

108இல் ஈ.எம்.டி. (ஆம்புலன்ஸில் கூட வரும் அவசர மருத்துவ உதவியாளர்) ஆக இருந்தவன். டாக்டர் சார் சொன்ன 120 நிமிடம் எல்லாம் ஈசிஜிக்கு அப்புறம். அதற்கு முன்னால் வீட்டில் போகும் நேரத்தை யாரும் எண்ணுவதில்லை. நான் போன கேஸ்களில் "எப்போ வலி ஆரம்பிச்சது?" என்று கேட்டால் "இப்பத்தான்" என்பார்கள். கொஞ்சம் கிளறினால் மத்தியானத்தில் இருந்தே இருந்திருக்கும்.

தேயிலைக்காடு தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். சொந்த வண்டியா 108ஆ என்று சண்டை போட வேண்டாம். முதலில் 108க்கு அடித்து வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். மலையில் வண்டி வேறு கேஸுக்கு இறங்கியிருந்தால் காத்திருக்காமல் ஜீப்பில் கிளம்பி, வழியில் எதிர்ப்படும் இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். போனில் பேசிக்கொண்டே அதை ஏற்பாடு செய்ய முடியும்.

எங்கள் வண்டியில் ஆக்சிஜன், மானிட்டர் எல்லாம் இருக்கும். ஆனால் பெரிய லாபம் வேறு. மாரடைப்பில் முதல் சில மணி நேரத்தில் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். ஷாக் கொடுத்தால் திரும்பும். ஜீப்பின் பின்சீட்டில் மடியில் படுக்க வைத்திருந்தால் என்ன செய்ய முடியும்?

---

பொதுவார்டு எழுதியது:

> அதற்கு முன்னால் வீட்டில் போகும் நேரத்தை யாரும் எண்ணுவதில்லை

எண்ணியிருக்கிறார்கள். 2008இல் வந்த கிரியேட் என்ற மாரடைப்பு நோயாளிகள் பதிவேடு. இந்தியாவின் 89 மருத்துவமனைகள், 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். வலி தொடங்கியதில் இருந்து மருத்துவமனைக்கு வந்து சேர நடுமதிப்பு (பாதிப் பேருக்கு இதைவிடக் கூடுதல், பாதிப் பேருக்குக் குறைவு) 360 நிமிடம். வந்து சேர்ந்த பிறகு ஊசி போட 50 நிமிடம். ஆறு மணி நேரம் வெளியே, ஐம்பது நிமிடம் உள்ளே. அந்த ஐம்பதை முப்பதாக்கும்படி எங்களை விரட்டுங்கள், தப்பில்லை. அந்த ஆறு மணி நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

---

சேலத்துமாம்பழம் எழுதியது:

வாட்ஸ்அப்பில் வந்தது, எல்லோருக்கும் பயன்படும். தனியாக இருக்கும்போது நெஞ்சு வலி வந்தால் மூச்சை இழுத்து இழுத்துப் பலமாக இருமிக்கொண்டே இருக்க வேண்டுமாம். இதயம் நிற்காமல் ஓடுமாம்.

---

இரவுப்பணி எழுதியது:

அண்ணே, அதை இங்கேயே நிறுத்திவிடுங்கள், வேறு குரூப்புக்கு அனுப்பாதீர்கள். இருமி மாரடைப்பை நிறுத்த முடியாது. அந்த மூச்சை 108க்குப் பேசச் செலவழியுங்கள். அப்படியே கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள். தாழ்ப்பாள் போட்ட வீட்டை உடைத்துத் திறந்த கேஸ் எல்லாம் உண்டு.

---

டீச்சரம்மா எழுதியது:

எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதையே பேசுகிறீர்கள். என் அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை. இருபது வருடச் சர்க்கரை. காலையில் எழுந்ததில் இருந்து "ஒரு மாதிரி இருக்கு, மூச்சு வாங்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றார். தாடையில் வலி, பல் வலி என்று நினைத்தோம். பக்கத்தில் காட்டிய இடத்தில் அல்சர் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள், ஈசிஜி எடுக்கவில்லை. சாயங்காலம் வேறு இடத்தில் எடுத்தபோதுதான் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத்தின் பம்ப்பிங் குறைந்துவிட்டது. இப்போது மாடி ஏற முடிவதில்லை.

தம்பி, உங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலும் பெண்கள்தானே? இடுப்பு வலி, கை வலி எல்லாம் தினம் இருப்பதுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போய்விடுவார்கள். உங்கள் ஏற்பாட்டில் அவர்களையும் மனதில் வைத்து எழுதுங்கள்.

---

பொதுவார்டு எழுதியது:

அக்கா சொன்னதை அப்படியே ஏற்பாட்டில் சேருங்கள். சர்க்கரைக்காரர்கள், வயதானவர்கள், பெண்கள் இவர்களுக்கு வலி இல்லாமலோ, வேறு இடத்தில் வலித்தோ வருவது சகஜம். தொப்புளுக்கும் தாடைக்கும் நடுவே புதிதாக ஒரு வலியோ அழுத்தமோ வந்து, கூடவே வேர்வையோ மூச்சு வாங்குதலோ இருந்தால் ஈசிஜி எடுக்கும் வரை மாரடைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் "ஈசிஜி எடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பத்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது விதி. முதல் ஈசிஜி நார்மலாக இருந்து வலி நிற்கவில்லை என்றால் சிறிது நேரம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்காதீர்கள். கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

---

தீவகத்தான் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். உங்களுக்கு மலை, எங்களுக்குக் கடல். நெடுந்தீவில் ஒருவருக்கு நெஞ்சு நோ வந்தால் குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம், பிறகு தரைவழியாக யாழ் போதனா வைத்தியசாலை. காற்று எழும்பினால் அதுவும் இல்லை.

எங்களுக்கு 1990 என்று இலவச அம்புலன்ஸ் சேவை இருக்கிறது. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு வடக்குக்கும் வந்தது. நல்ல சேவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடலுக்குள் வராது. அதனால் தீவுப் பக்கத்தில் ஆட்கள் செய்வது, நோயாளி படகில் ஏறும்போதே இந்தப் பக்கத்துக்கு அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவது. படகு கரை தட்டும்போது வாகனம் இறங்குதுறையில் நிற்க வேணும். வந்து சேர்ந்த பிறகு கூப்பிட்டால் அங்கே ஒரு காத்திருப்பு. உங்கள் ஜீப் மலையில் இருந்து வெளிக்கிடும்போதே அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கதைத்துவிடுங்கோ.

---

வெள்ளைச்சட்டை எழுதியது:

ஸ்டாஃப் நர்ஸ். கையில் மாத்திரை வைத்துக்கொள்வது பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பிரின் 300 அல்லது 325 மில்லிகிராம், மென்று விழுங்க வேண்டும். முழுசாக விழுங்கினால் வேலை செய்ய நேரமாகும். ஆஸ்பிரின் அலர்ஜி, ரத்த வாந்தி, கருப்பு மலம் போகிறவர்களுக்குக் கூடாது. 108இல் பேசும்போது கேட்டுவிட்டே கொடுங்கள். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்ந்த 14 மாத்திரை லோடிங் டோஸ் (முதல் தடவை ஒரேயடியாகக் கொடுக்கும் அளவு) வைத்திருக்கிறார்கள். வழியில் இருந்தால் அங்கே காட்டலாம். ஆனால் மாத்திரை போட்டாச்சு என்று வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அந்த மாத்திரை அடைப்பைத் திறக்காது.

நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் என்ற நெஞ்சு வலி மாத்திரையைப் பக்கத்து வீட்டில் இருந்து கடன் வாங்கிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிபி குறைந்திருப்பவருக்கும், இதயத்தின் வலது பக்கம் பாதித்தவருக்கும் அது ஆளையே கவிழ்த்துவிடும். டாக்டர் அவருக்கென்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும்.

ஊசியில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்று ஒன்று, டெனெக்டிப்ளேஸ் என்று ஒன்று. முதலாவது 15 லட்சம் யூனிட், டிரிப்பில் அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம் ஏறும், பிபி இறங்குகிறதா என்று பக்கத்திலேயே நிற்க வேண்டும். இரண்டாவது எடைக்கு ஏற்ற அளவு, ஒரே தடவையில் ஏற்றிவிடலாம், விலை அதிகம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒரு முறை போட்டவருக்கு மறுபடி போடக் கூடாது. அதனால் எந்த ஊசி, எந்தத் தேதி என்ற சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். ரேஷன் கார்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பழைய ஈசிஜி எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில் கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள். நடுராத்திரியில் பீரோவைக் குடைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

---

நாற்பதாம்வளைவு எழுதியது:

வால்பாறையில் டாக்ஸி ஓட்டுகிறேன். டிரைவர் பக்கத்தையும் கேளுங்கள். ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள், டீசல் இருக்காது. பங்க் திறந்திருக்காது. அதனால் இந்த ஏற்பாட்டில் யார் வண்டியில் இன்று அரை டேங்க் இருக்கிறது என்பது முதலில் வர வேண்டும். வாரம் ஒரு வண்டி முறை வைக்கலாம், சங்கத்தில் டீசல் காசு கொடுத்தால் போதும், வாடகை வேண்டாம்.

இன்னொன்று, வழியில் ஆள் பேச்சு மூச்சில்லாமல் போனால் என்ன செய்வது என்று யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. வேகத்தைக் கூட்டுவோம், அவ்வளவுதான்.

---

இரவுப்பணி எழுதியது:

வேகத்தைக் கூட்டாதீர்கள் அண்ணே, ஓரமாக நிறுத்துங்கள். கூப்பிட்டு அசைத்துப் பார்த்து, மூச்சு இல்லை அல்லது கேவிக் கேவி எப்போதாவது ஒரு மூச்சு வருகிறது என்றால் சமதளமான தரையில் இறக்கிப் படுக்க வைத்து நெஞ்சு நடுவில் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம். போனை ஸ்பீக்கரில் போட்டு 108இல் பேசிக்கொண்டே செய்யுங்கள். சீட்டில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். ஒருவர் தனியாகச் செய்தால் இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும், அதனால் வண்டியில் டிரைவர் தவிர இரண்டு பேராவது ஏறுங்கள். நான்கைந்து பேர் ஏறி இடத்தை அடைக்கவும் வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரியிலோ 108 அலுவலகத்திலோ கேட்டால் செய்து காட்ட ஆள் அனுப்புவார்கள். பொம்மை வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தவன் கை நடுங்காமல் செய்வான்.

---

தேயிலைக்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதுவரை சொன்னதை வைத்து எழுதியது இது. திருத்துங்கள்.

அறிகுறி தெரிந்ததும் லைனில் இருக்கும் பொறுப்பாளருக்குத் தகவல், அவர் 108க்கு அடிப்பார், அந்த வார வண்டிக்காரருக்கும் அடிப்பார். இரண்டில் எது முன்னே வருகிறதோ அது. சிக்னல் கிடைக்காத டிவிஷன்களில் சிக்னல் எடுக்கும் இடம் எதுவென்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், அதையும் குறித்து வைக்கிறோம். நோயாளி நடக்கக் கூடாது. எங்கள் லைன்களில் ரோட்டுக்கு வரவே படிக்கட்டு அதிகம், அதனால் கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று ஒவ்வொரு லைனுக்கும். முதல் நிறுத்தம் டவுனிலேயே, ஈசிஜி எடுத்த பிறகுதான் மலை இறங்குவது. ஈசிஜியைப் போட்டோ பிடித்து அடுத்து போகிற இடத்துக்கு அனுப்புவது.

வீட்டில் கேட்காமல் "கோவைக்கே விடு" என்று சொல்லும் பெரியவர்களை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இன்னும் புரியவில்லை.

---

பொதுவார்டு எழுதியது:

நல்லா வந்திருக்கு. ஒன்று சேருங்கள். இப்போதே, யாருக்கும் எதுவும் வராத ஒரு பகல் நேரத்தில், நீங்கள் நான்கு பேர் வால்பாறையிலும் பொள்ளாச்சியிலும் போய்க் கேட்டு வாருங்கள். ராத்திரி ஈசிஜி எடுக்க ஆள் உண்டா, கரைக்கும் ஊசி கையிருப்பில் இருக்கிறதா, போட்ட பிறகு எங்கே அனுப்புவார்கள், அங்கே யாருக்குப் போன் செய்வார்கள், கேத் லேப் ராத்திரியிலும் ஓடுகிறதா, காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா. பதிலைப் பொறுத்து முதல் நிறுத்தம் மாறலாம். ஊசி இல்லாத இடத்தில் ஈசிஜி மட்டும் எடுத்துக்கொண்டு அங்கேயே உட்காரக் கூடாது. மருந்து, ஆள் இரண்டும் மாதத்துக்கு மாதம் மாறும், அதனால் அடிக்கடி போய்க் கேளுங்கள்.

பெரியவர்களுக்கு "கோவைக்குத்தான் போகிறோம், வழியில் பத்து நிமிடம் ஈசிஜி" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

---

கொங்குக்காரன் எழுதியது:

சரிங்க, மலைக்கு இது சரிதான் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த "ஊசி போட்டதும் அனுப்பு" என்பதை எழுத்தில் பெரிதாகப் போடுங்கள். எங்கள் அப்பாவுக்கு நடந்தது அங்கேதான். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம், டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்பார்கள். ரெண்டாவது ஈசிஜி எத்தனை மணிக்கு எடுக்கப் போகிறீர்கள் என்று கூட வருபவர் கேட்கும்படி எழுதுங்கள். கோவையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அட்டை, அட்மிஷன் வேலையைப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் காந்திபுரத்தில்தான் இருக்கிறேன்.

---

தேயிலைக்காடு எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா, தனி மடலில் நம்பர் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்திருக்கிறோம். நாற்பதாம்வளைவு அண்ணன் எந்த எஸ்டேட் என்று தெரியவில்லை, முடிந்தால் நீங்களும் வாருங்கள். டீசல் கணக்கை நீங்கள் பேசினால் சங்கத்தில் கேட்பார்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

நோட்டீஸ் அடிக்கும்போது 108இல் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்: எஸ்டேட் பெயர், டிவிஷன், லைன் நம்பர், பக்கத்தில் இருக்கும் கோயிலோ ஃபேக்டரியோ. "வால்பாறை பக்கம், வந்தா தெரியும்" என்றால் வண்டி எந்தப் பிரிவில் திரும்புவது? ஒவ்வொரு லைன் சுவரிலும் அந்த விலாசத்தைப் பெயின்டில் எழுதிவிடுங்கள், பதறுகிறவன் பார்த்துப் படிப்பான்.